"நல்லாத்தானே ஓடுது": பழைய விண்டோஸ் சிஸ்டத்தை இணையத்திலிருந்து பத்திரமாக விலக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், திங்கள்சந்தை என்று குமரி மாவட்டத்தின் எந்த ஜங்ஷனில் இறங்கினாலும் கண்ணில் ஒரு ஜெராக்ஸ் கடை படும். பட்டா நகல், வில்லங்கச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம், வளைகுடாவுக்குப் போகிறவரின் விசாத் தாள், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை என எல்லாமே கடையின் மூலையில் இருக்கும் ஒரு சிஸ்டத்தில்தான் நடக்கிறது. அதில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தால், மாற்றச் சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லாத்தானே ஓடுது."

ஓடுவது உண்மைதான். ஆனால் அதனால் வரும் ஆபத்து கடைக்காரரோடு நிற்பதில்லை. ஆதார் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, "மக்கா, சீக்கிரம் எடுத்துத் தா" என்று கவுண்டரில் நிற்கும் பெரியவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. தன் ஆவணம் எந்த வகைச் சிஸ்டத்துக்குள் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதனால் பழைய சிஸ்டத்தை என்ன செய்வது என்ற கேள்வியை விலையிலிருந்து தொடங்காதீர்கள். அதில் யாருடைய பணமும் ஆவணமும் கடந்துபோகின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் சிஸ்டத்தில் என்ன இருக்கிறது?

விண்டோஸ் 7-ல் கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போங்கள். விண்டோஸ் பதிப்பு, பிராசசர் பெயர், ரேம் அளவு, 32 பிட்டா 64 பிட்டா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தேதிகள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்தது.

பிராசசர் எந்தத் தலைமுறை என்பதை அதன் எண்ணே சொல்லும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, ஐ3-8100 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ3-10100 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம், அதாவது பத்தாம் தலைமுறை. இன்னொன்றையும் கவனியுங்கள். 2 ஜிபி ரேம் இருக்கிறதென்று பல சிஸ்டங்களில் 32 பிட் விண்டோஸ் போட்டிருப்பார்கள். பிராசசரோ 64 பிட்டாக இருக்கும். ஓஎஸ், அதாவது விண்டோஸ், 32 பிட் என்பதை வைத்து மெஷினைக் கழித்துவிடாதீர்கள்.

ஆதரவு முடிந்தால் நிற்பது எது?

மென்பொருளில் ஓட்டைகள் மாதா மாதம் கண்டுபிடிக்கப்படுகின்றன. புதிய விண்டோஸுக்கு அவற்றை அடைக்கும் அப்டேட் வருகிறது. அந்த அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதே நிரல் பழைய விண்டோஸிலும் இருந்தால், அங்கே அது அடைக்கப்படாமலே கிடக்கும். புதியவருக்கு வரும் ஒவ்வொரு அப்டேட்டும் பழையவரின் வீட்டுக்கு வழி காட்டுகிறது. சிஸ்டம் பழசானால் ஆபத்து அதே அளவில் நிற்காமல் மாதந்தோறும் கூடுவது இதனால்தான்.

"ஆன்டிவைரஸ் இருக்கே" என்பது அடுத்த பதில். ஆன்டிவைரஸ் பார்ப்பது உள்ளே வரும் ஃபைலை. ஓட்டை இருப்பதோ அதற்கும் அடியில், ஓஎஸ்ஸின் மையத்தில். அங்கே நுழைந்தவர் முதலில் நிறுத்துவதே ஆன்டிவைரஸைத்தான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும்; எட்ஜ் பிரவுசரும் அதுவரை புதுப்பிக்கப்படும். திரையில் எல்லாம் பச்சை டிக்காகவே தெரியும். ஓஎஸ்ஸின் ஓட்டைகள் மட்டும் சத்தமில்லாமல் திறந்தே இருக்கும்.

2017 மே மாதம் உலகெங்கும் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-லேயே அப்டேட் கொடுத்துவிட்டது. அடிபட்டவற்றில் பெரும்பகுதி, அப்போது ஆதரவில் இருந்தும் அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 சிஸ்டங்கள். ஆகவே, உரிமம் வாங்காமல் ஓடவைக்கும் கிராக் போட்டு அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் விண்டோஸ் 11-ம் பழைய சிஸ்டம்தான். அந்தக் கிராக்கைப் போடும்போது டிஃபெண்டரை அணைக்கச் சொல்வதே ஒரு தனி ஆபத்து.

தினசரி வேலையில் தெரியும் அடையாளங்கள்

விண்டோஸ் 7-ல் குரோம் திறந்தால், இனி அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று மேலே ஒரு பட்டை வரும். பலரும் அதன் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் கடைசி குரோம் பதிப்பு 109; 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 கட்டாயம். எக்ஸ்பியில் குரோம் 49-லேயே நின்றுவிட்டது. பிரவுசர் பழசானால் புதிய இணையதளங்களில் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, படிவம் பாதியில் நிற்கும், ஓடிபி பெட்டி வராது. "சர்வர் பிஸி" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் பல நேரங்களில் கோளாறு சர்வரில் இல்லை.

"இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல" என்று எல்லாத் தளத்துக்கும் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் தளத்தின் சான்றிதழ் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் மறுக்கிறது. செல்லை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும். தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால், மற்ற சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக ஓஎஸ்ஸுக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கலாம். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் பயன்படுத்திய பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் முடிந்தபோது இப்படித்தான் ஆனது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே கொண்டுவருகிறது. அதில் திறந்து மற்றதில் திறக்காவிட்டால் காரணம் இதுவே. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், உண்மையிலேயே ஒரு போலித் தளம் வரும் அன்றும் கை தானாகவே தாண்டும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன், புதிய பிரிண்டர், கைரேகைக் கருவி ஆகியவற்றின் டிரைவர் ஏறாமல் போவதும் உண்டு. புதிய வகை டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஷா-2 அப்டேட் இல்லாத விண்டோஸ் 7, இப்போதைய டிரைவர்களின் கையொப்பத்தையே அறியாது.

ஜெராக்ஸ் கடைகளின் நிரந்தரத் தொல்லை பென்டிரைவ். செருகியதும் உள்ளே வாடிக்கையாளரின் ஃபைல்களுக்குப் பதில் பென்டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷார்ட்கட் தெரிந்தால், அதை அழுத்தாதீர்கள். ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அழுத்தினால் ஃபைல்களும் திறக்கும், கூடவே வைரஸும் சிஸ்டத்தில் ஏறும். அன்று முழுவதும் வரும் ஒவ்வொரு பென்டிரைவும் அதை வீட்டுக்கு எடுத்துப்போகும்.

மாற்றும் வரை, இன்றைக்கே செய்ய வேண்டியவை

முதல் வேலை, பணத்தைப் பிரிப்பது. நெட் பேங்கிங், யுபிஐ, வரி தாக்கல், வாடிக்கையாளரின் ஆதார் சம்பந்தப்பட்ட எதையும் அந்தச் சிஸ்டத்தில் இனி செய்யாதீர்கள். அப்டேட் வரும் ஒரு போன் அதைவிட எவ்வளவோ மேல். போனில் வாட்ஸாப் திறந்து, லிங்க்டு டிவைசஸ் பகுதியில் பழைய சிஸ்டத்தை வெளியேற்றுங்கள்.

அடுத்து நெட்வொர்க். கடையில் நான்கு சிஸ்டம் ஒரே ரவுட்டரில் இருந்தால், ஒன்றில் நுழைந்தது மற்ற மூன்றுக்கும் போகும். பழைய சிஸ்டத்தில் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வானாக்ரை பரவிய வாசல் அதுதான். எக்ஸ்பிக்கு, ஃபைல் பகிரும் பழைய எஸ்எம்பி 1 முறையைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பதால் அங்கே இதைத் தவிர வழியில்லை. தூரத்திலிருந்து சிஸ்டத்தை இயக்கவிடும் ரிமோட் டெஸ்க்டாப்பையும் அணையுங்கள். 2019-ல் வெளியான புளூகீப் என்ற ஓட்டை எக்ஸ்பி, விண்டோஸ் 7 இரண்டிலும் அந்த வழியில்தான் இருந்தது. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் பழைய சிஸ்டத்தை அதில் தனியாகப் போடுங்கள்.

மூன்றாவது, அட்மின் அல்லாத ஒரு சாதாரண யூசர் கணக்கு உருவாக்கி அன்றாட வேலையை அதில் செய்யுங்கள். வைரஸுக்குக் கிடைக்கும் அதிகாரம் அப்போது குறையும். ஆனால் இவை எல்லாமே சில நாள் தாங்கும் முட்டுக்கொடுப்புகள். இவற்றைச் செய்துவிட்டு மறுபடி ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைத்தால் செய்யாமலே இருந்ததற்குச் சமம்.

பேக்கப்: ஃபார்மட் அடிப்பதற்கு முன்

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டையும் காப்பி செய்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். டேலி டேட்டா ஃபோல்டர், பேஜ்மேக்கர் ஃபைல்கள், ஃபான்ட்ஸ் ஃபோல்டர், பிரவுசர் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் ஃபைல் ஆகியவை விடுபடும். ஃபான்ட்டை விட்டுவிட்டால் பத்து வருடக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் திறந்தாலும் எழுத்துகள் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைப்பவை.

வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்று, அதிலிருந்து இன்னொரு பிரதி ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறொரு சிஸ்டத்தில் செருகி, ஐந்தாறு ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் பேக்கப்பை ஃபைல் பூட்டும் வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும்.

வாடிக்கையாளரின் ஆதார், பாஸ்போர்ட் ஸ்கேன்களைப் பேக்கப்பில் சேர்க்க வேண்டாம். வேலை முடிந்த ஆவணம் உங்களிடம் இருக்க எந்தத் தேவையும் இல்லை.

எந்த மெஷினுக்கு என்ன?

இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 தாராளமாக ஏறும். மைக்ரோசாஃப்ட் சொல்வது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். வேலை நடக்க 8 ஜிபியும், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கும் வேண்டும். "டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) இல்லை" என்று வந்தால், மெஷின் ஆன் ஆனதும் நுழையக்கூடிய அடிப்படை அமைப்பான பயாஸில் இன்டெலுக்கு பிடிடி என்றும் ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை இயக்குங்கள். பல போர்டுகளில் அது அணைந்தே வந்திருக்கும்.

சிலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். விண்டோஸ் 10, பார்ட்டிஷன் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் இருக்கும்போதே பயாஸை யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றிவிட்டால் சிஸ்டம் பூட் ஆகாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான எம்பிஆர்2ஜிபிடி கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் /allowFullOS சேர்த்து முதலில் வேலிடேட், அது சரி என்றால் மட்டும் கன்வெர்ட். டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பார்ட்டிஷன் இருந்தால் வேலிடேட்டிலேயே நின்றுவிடும். மாற்றிய பிறகுதான் பயாஸில் யுஇஎஃப்ஐயும் செக்யூர் பூட்டும்.

விண்டோஸ் 7-லிருந்து 11-க்கு நேரடியாக அப்கிரேடு கிடையாது. புதிதாகத்தான் போட வேண்டும். புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகலாம். மீட்புச் சாவி எண்ணை அன்றே தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பிறகு யாராலும் ஃபைலை எடுக்க முடியாது.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 10 ஓடும் மெஷின் என்றால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ம் மைக்ரோசாஃப்ட் கணக்கும் தேவை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் வசதி வரும். அது அவகாசம் மட்டும். தகுதியில்லாத மெஷினில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருவோர் உண்டு. அப்படிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டுவோ வகைப் பழைய பிராசசரில் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு பூட் கூட ஆகாது. கடை வேலைக்கு அந்த வழி வேண்டாம்.

எந்த வழியானாலும் வேலையைக் காலையில் தொடங்குங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி இறங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டிஸ்க் மாற்றத்தின் நடுவிலோ பயாஸ் அப்டேட்டின் நடுவிலோ கரண்ட் போனால் மெஷினே போகலாம். யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே பத்து நிமிடம் தாங்குகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பழைய மெஷினுக்கு லினக்ஸ்

இரண்டாம், மூன்றாம் தலைமுறை மெஷின்களுக்கும் வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளுக்கும் நேர்மையான தீர்வு, விண்டோஸுக்குப் பதில் போடும் ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. இலவசம், கிராக் தேவையில்லை, மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் பிரவுசர் வேலைக்குப் போதும். மடிக்கணினிக்கு ரேம் வாங்கும்போது டிடிஆர்3-ஆ, குறைந்த மின்னழுத்த டிடிஆர்3எல்-ஆ என்று பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். எல் வகை கேட்கும் மெஷினில் சாதாரணமானது வேலை செய்யாது.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இன்ஸ்டால் செய்வதற்கான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். விண்டோஸ் 7-ல் ரூஃபஸ் 3.22 வரைதான் ஓடும். மெஷினை ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 அழுத்தி பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் நிலையில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து வைஃபை, ஒலி, ஸ்கேனர், பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். எச்பி லேசர் பிரிண்டர்கள் பெரும்பாலும் தானே வந்துவிடும். ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் மிகவும் படுத்தும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் பேக்கேஜ் போட்டு, தமிழ்99-ஐச் சேர்க்கலாம்.

டேலியும் பேஜ்மேக்கரும் லினக்ஸுக்கு இல்லை. டிஜிட்டல் கையொப்பம், கைரேகைக் கருவியை ஆதாரோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் தேவைப்படும் மையங்கள், அந்தக் கருவியை விற்றவரிடம் லினக்ஸ் ஆதரவு உண்டா என்று கேட்காமல் மாற வேண்டாம். பிரவுசரில் மட்டும் வேலை செய்யும் சிஸ்டத்துக்கு லினக்ஸ் ஒரு குறையும் வைக்காது.

பேஜ்மேக்கருக்காக விடமுடியாத சிஸ்டம்

பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கரையும் பாமினியையும் ஒரே நாளில் விடச் சொல்வது நியாயமில்லை. சிஸ்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தை எடுத்துவிடுங்கள். கேபிளைக் கழற்றினால் மட்டும் போதாது, அவசரத்துக்கு யாராவது மறுபடி செருகுவார்கள். பயாஸுக்குள் போய் லேன் வசதியையே அணைத்து, பயாஸுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். வைஃபை டாங்கிளை எடுத்துவிடுங்கள்.

இந்தச் சிஸ்டத்துக்கென்று தனி நிறத்தில் ஒரே ஒரு பென்டிரைவ். வாடிக்கையாளரின் பென்டிரைவ் எதுவும் இதில் ஏறக் கூடாது. அவர்கள் தருவதை முதலில் புதிய சிஸ்டத்தில் செருகி, ஸ்கேன் செய்து, தேவையான ஃபைலை மட்டும் தனி பென்டிரைவில் மாற்றுங்கள். வடிவமைத்து முடிந்ததும் ஃபான்ட் பதித்த பிடிஎஃப் ஆக்கி, அதைப் புதிய சிஸ்டத்திலிருந்து பிரிண்ட் எடுங்கள். புதிய மெஷினில் 16 ஜிபி ரேம் இருந்தால், உரிமம் உள்ள பழைய விண்டோஸை, சிஸ்டத்துக்குள் இன்னொரு சிஸ்டத்தை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டு, அதன் நெட்வொர்க்கை இணைக்காமல் விடுவது இன்னும் வசதி. பழைய பாமினி உரைகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வந்தால், இந்தச் சிஸ்டத்தின் தேவையே ஒருநாள் தீரும்.

மாற்றிய பிறகு

எல்லாப் பாஸ்வேர்டையும் புதிய சிஸ்டத்திலிருந்து மாற்றுங்கள். பழையதிலிருந்து மாற்றினால், அதில் கீ அழுத்தங்களைப் பதியும் நிரல் இருந்தால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும். முதலில் மெயில், பிறகு வங்கி, பிறகு மற்றவை. மெயில் கையில் இருப்பவர் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட முடியும். ஏற்கனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்கும் வாய்ப்பு கூடும்.

கடைசியாகப் பழைய ஹார்ட்டிஸ்க். ஃபார்மட் அடித்துவிட்டோம் என்று அப்படியே ஆக்கர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். குயிக் ஃபார்மட் அடித்த டிஸ்க்கிலிருந்து இலவச மென்பொருளாலேயே ஃபைல்களை மீட்டுவிடலாம். வேறொரு சிஸ்டத்தில் இரண்டாவது டிஸ்க்காகச் செருகி, குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் அடியுங்கள். 500 ஜிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகும், ராத்திரியில் விட்டுவிடுங்கள். எக்ஸ்பியில் முழு ஃபார்மட் பழைய டேட்டாவை அழிக்காது. விஸ்டா முதல் வந்த விண்டோஸில்தான் அது முழுதாகப் பூஜ்ஜியம் எழுதும், எனவே புதிய சிஸ்டத்திலேயே செய்யுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள தட்டுகளில் ஆழமாகக் கீறி அல்லது துளை போட்டுவிட்டு எடைக்குக் கொடுங்கள்.